காற்றுக்கு அளவு சொல்பவர்கள்

போலாஞ்ஜே நிறுவனத்தின் பீப்பாய்க் கூடத்தில் 3,500-க்கும் மேற்பட்ட ஓக் மரப் பீப்பாய்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பழையவை. வேறு ஊரில் உழைத்து ஓய்ந்தவை. பர்கண்டியில் சில ஆண்டுகள் ஒயினைத் தாங்கி, மரத்தின் வாசனையை எல்லாம் அதற்கே கொடுத்து முடித்த பிறகுதான் இங்கே வந்து சேர்கின்றன. புது ஓக் மரம் தரும் வனிலா மணத்துக்காகவே ஒயின்காரர்கள் காசைக் கொட்டுவது உலக வழக்கம். அந்த மணம் கழிந்துபோன பீப்பாயைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்களுக்கு மரத்திடம் வேறென்ன வேலை?

காற்று வேண்டும். ஓக் மரத்தின் நுண்துளைகள் வழியாகவும், பலகையும் பலகையும் சேரும் இடுக்குகள் வழியாகவும் துளித்துளியாக உள்ளே போகிற காற்று. அது போதும் அவர்களுக்கு. மரத்தின் ருசி வேண்டாம்.

ஷாம்பெயின் என்றதும் சத்தம், நுரை, கொண்டாட்டம் என்றுதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. பிரான்சின் வடகிழக்கில், மார்ன் ஆற்றங்கரையில் அயி என்ற சிற்றூரில் 1829 முதல் இந்த ஒயினைச் செய்துவரும் போலாஞ்ஜேயின் வேலைமுறையைக் கூர்ந்து பார்த்தால், அந்தச் சத்தம் கடைசி நொடிச் சங்கதி என்பது தெரிந்துவிடும். அதற்கு முன்னால் பல ஆண்டுகள் நடப்பது காற்றோடு ஒரு பேரம். இந்தக் கட்டத்தில் இவ்வளவு உள்ளே வரலாம், இந்தக் கட்டத்தில் ஒரு துளியும் கூடாது, இங்கே ஒரு நொடி மட்டும் கதவைத் திறக்கிறேன் என்று ஒயின் பிறந்த நாளிலிருந்தே அளவு சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இந்த ஒயினின் நயமே இந்தப் பேரத்தில்தான் இருக்கிறது.

ஊர் குளிர்ந்த ஊர். பூமத்திய ரேகைக்கு வடக்கே 49 பாகையை ஒட்டிக் கிடக்கும் நிலம். ஆண்டின் சராசரி வெப்பம் 11 டிகிரி செல்சியஸ் அளவில்தான் நிற்கிறது. திராட்சைக்கு இது எல்லைப்புறம். பழம் பழுத்தும் புளிப்பு இறங்காது. மண்ணுக்கு அடியில் வெண்சுண்ணக்கல். மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு வறண்ட நாட்களில் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ரெய்ம்ஸ் நகரத்துக்கு அடியில் இந்தக் கல்லை ரோமானியர் காலத்திலேயே வெட்டியெடுத்தார்கள். அந்தப் பள்ளங்கள் இன்று ஷாம்பெயின் பாட்டில்கள் உறங்கும் நிலவறைகள். 2015-இல் ஷாம்பெயின் பகுதியின் மலைச்சரிவுகள், நிறுவனங்கள், நிலவறைகள் எல்லாவற்றையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது.

முக்கியமான திராட்சை வகைகள் மூன்று. பினோ நுவார், மியூனியே இரண்டும் கறுப்பு, ஷார்டனே வெள்ளை. போலாஞ்ஜேக்குப் பினோ நுவார்தான் உயிர். அவர்களுடைய அன்றாட ஒயினான ஸ்பெஷல் க்யூவேயில் அதன் பங்கு 60 விழுக்காடு. ஷார்டனே 25, மியூனியே 15.

கறுப்புத் திராட்சையிலிருந்து பொன்னிற ஒயின் எப்படி வரும் என்பதில் முதல் நுட்பம் இருக்கிறது. நிறம் தோலில்தான் உண்டு. சதையும் சாறும் வெளுப்பு. தோல் நசுங்கிச் சாற்றில் ஊறாமல் பார்த்துக்கொண்டால் போதும். சொல்வது எளிது. அதற்காக இந்தப் பகுதி முழுவதும் இயந்திர அறுவடையை விதியாகவே விலக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குலையும் கையால் அறுக்கப்பட்டு, உடையாமல் முழுசாகவே பிழிபொறிக்குப் போக வேண்டும். காம்பையும் களைவதில்லை. காம்பு இருந்தால்தான் குலைகளுக்கு நடுவே வாய்க்கால்கள் கிடைத்துச் சாறு தோலில் தங்காமல் வழிந்தோடும். வேறு பல ஊர்களில் கழிவென்று உருவி எறியும் காம்புக்கு இங்கே வடிகால் வேலை.

பிழிவதிலும் கண்டிப்பு. ஒரு தடவைக்கு 4,000 கிலோ திராட்சை. அதிலிருந்து முதலில் வரும் 2,050 லிட்டர்தான் மேலான சாறு. அடுத்த 500 லிட்டர் தனியாகப் போகும். அதற்கு மேல் பிழிந்தால் அதை ஷாம்பெயின் என்று சொல்ல முடியாது. பழத்தில் இன்னும் ஈரம் இருக்கும்போதே கையை எடுத்துவிடுகிறார்கள். கடைசிச் சொட்டுவரை பிழிகிற வியாபார புத்திக்கு இங்கே சட்டமே தடை போட்டிருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இனிப் பீப்பாய்க்கு வருவோம். பெரும்பாலான ஷாம்பெயின் நிறுவனங்கள் இன்று எவர்சில்வர் தொட்டியில் சாற்றை நொதிக்க வைக்கின்றன. சுத்தம், குளிர்ச்சி, கட்டுப்பாடு எல்லாம் அதில் உண்டு, தவறொன்றும் இல்லை. போலாஞ்ஜேயும் ஸ்பெஷல் க்யூவேயின் ஒரு பகுதிக்குத் தொட்டியைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் நல்ல ஆண்டின் ஒயினுக்கு, அந்த ஓர் ஆண்டின் திராட்சையை மட்டும் கொண்டு செய்யும் லா கிராந்த் அனேக்கு, முழுக்க முழுக்கப் பீப்பாய். ஊர் ஊராக, வகை வகையாக, தோட்டத் துண்டு வாரியாகப் பிரித்துத் தனித்தனிப் பீப்பாயில் நொதிக்க விடுகிறார்கள்.

அதன் காரணத்தை முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். ஒயினுக்குப் பகை காற்றிலிருக்கும் ஆக்சிஜன். வெட்டி வைத்த ஆப்பிளைப் பழுப்பாக்குவது போல ஒயினையும் பழுப்பாக்கி, மணத்தை மழுங்கடித்துவிடும். அப்படியிருக்க ஒயின் பிறக்கும்போதே ஏன் காற்றைக் காட்ட வேண்டும்? காற்று பட்டதும் எளிதில் கெடக்கூடிய பொருட்கள் எவையோ அவை பீப்பாயிலேயே கெட்டுக் கீழே இறங்கிவிடுகின்றன; எஞ்சி நிற்பது தாங்கும் திறன் உள்ளது. தொடக்கத்தில் கொஞ்சம் காற்றைப் பழகிக்கொண்ட ஒயின் பிற்பாடு இருபது முப்பது ஆண்டுகள் பாட்டிலில் கிடந்தாலும் காற்றைக் கண்டு நடுங்குவதில்லை. பாதுகாப்பு என்றால் மூடி வைப்பது என்று நினைப்பவர்களுக்கு இந்த யோசனை தோன்றவே தோன்றாது.

இதற்காகவே நிறுவனத்தில் சொந்தமாகப் பீப்பாய்த் தச்சரை வைத்திருக்கிறார்கள். ஷாம்பெயின் பகுதியில் இன்று அது அரிதிலும் அரிது. இந்தத் தொழிலில் ஆணி, பசை எதையும் நம்புவதில்லை. வளைத்த பலகைகள், இரும்பு வளையம், மூடிப் பலகைகளின் இடுக்கில் செருக உலர்ந்த நாணல் தோகை. நாணல் ஈரம் பட்டதும் உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். ஒழுகுவது எந்தப் பலகை, மாற்ற வேண்டியது எது, இன்னும் சில ஆண்டுகள் தாங்குவது எது என்று குளிர்கால மாதங்களில் ஒவ்வொன்றாகப் பார்த்துச் செப்பனிடுவார்கள். ஒயின் கசியாமலும் காற்று முற்றிலும் அடைபடாமலும் இருக்கிற அந்த ஒரு நிலையில் பீப்பாயை நிறுத்திவைப்பதுதான் தச்சரின் திறமை.

அறுவடை முடிந்து குளிர்காலம் வந்ததும் நிலவறைத் தலைவரும் அவருடைய குழுவும் இந்தப் புது ஒயின்களைச் சுவைக்க உட்காருகிறார்கள். குமிழி கிடையாது, இனிப்பு கிடையாது. பிஞ்சு மாங்காயைக் கடித்தது போலப் பல்லைக் கூசவைக்கும் புளிப்பு. இதில் எதிர்காலத்தைப் படிக்க வேண்டும். வெர்ஸனேயில் விளைந்த பினோ நுவாரில் இறுக்கம், அயியில் விளைந்ததில் சதைப்பற்று, கூய் ஊரின் ஷார்டனேயில் கூர்மை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். இவற்றை எந்த அளவில் சேர்த்தால் சென்ற ஆண்டு குடித்தவருக்கு இந்த ஆண்டும் அதே கைமணம் தெரியும் என்பது கேள்வி. மழை பெய்த ஆண்டு, வெயில் கொளுத்திய ஆண்டு, பனியில் மொட்டு கருகிய ஆண்டு எதுவானாலும் ஸ்பெஷல் க்யூவே ஸ்பெஷல் க்யூவேயாகவே இருக்க வேண்டும். அதற்குக் கைகொடுப்பவை பழைய ஆண்டுகளிலிருந்து சேமித்து வைத்த ஒயின்கள்.

இந்தச் சேமிப்பில்தான் போலாஞ்ஜேயின் உழைப்பு என்னைத் திகைக்க வைக்கிறது. மற்றவர்கள் சேமிப்பு ஒயினைப் பெரிய தொட்டிகளில் வைத்துக்கொள்வார்கள். குழாயைத் திறந்தால் வரும். இவர்களோ மிகச் சிறந்த சேமிப்பு ஒயினை ஒன்றரை லிட்டர் கொள்ளும் மேக்னம் பாட்டில்களில் ஊர் வாரியாக, வகை வாரியாக, ஆண்டு வாரியாக நிரப்பி, இயற்கைத் தக்கை போட்டு மூடி வைக்கிறார்கள். நிலவறைகளில் இப்படி ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மேக்னம்கள் படுத்திருக்கின்றன. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு வரையில் காத்திருக்கும்.

நிரப்பும்போது இன்னொரு சின்ன வேலையும் செய்கிறார்கள். கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துவிடுகிறார்கள். அது உள்ளே நொதித்து லேசாகக் கரியமில வாயு உண்டாகும். ஷாம்பெயின் அளவுக்கு நுரைக்காது, நாக்கில் மெல்லச் சுரீரென்னும், அவ்வளவே. அந்த வாயுதான் காவல். பீப்பாயில் காற்றுக்குக் கதவைத் திறந்துவிட்டவர்கள் மேக்னத்தில் வாயுவையே வாசலில் உட்காரவைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். கலக்கும் நாள் வந்ததும் ஒவ்வொரு மேக்னத்தையும் கையால் திறந்து, முகர்ந்து பார்த்து, தக்கை வாடை அடித்தால் ஒதுக்கிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். கலவையில் இந்த மேக்னம் ஒயினின் பங்கு சிறியதுதான். ஆனால் வாதுமை, காய்ந்த பழம், தேன் என்று முதிர்ந்த மணங்களை ஸ்பெஷல் க்யூவேக்குத் தருவது அதுதான்.

குமிழியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. இந்த ஊர்க்காரர்களே நெடுங்காலம் குமிழியைக் குற்றமாகத்தான் கருதினார்கள். குளிரில் பாதியில் நின்றுபோன நொதித்தல் வசந்தத்தில் மறுபடி கிளம்பும், ஒயின் சீறும். ஓவில்லே மடத்தின் நிலவறைப் பொறுப்பில் 1668 முதல் 1715 வரை இருந்த டோம் பெரின்யோன் குமிழியைக் கண்டுபிடித்தார் என்பது கட்டுக்கதை. அவர் காலத்தில் அதைத் தவிர்க்கத்தான் பாடுபட்டார்கள். ஒயினில் சர்க்கரை சேர்த்துச் சீற வைப்பதைப் பற்றி 1662-லேயே லண்டனில் கிறிஸ்டபர் மெரெட் ஆய்வுரையில் சொல்லியிருக்கிறார். நிலக்கரி உலையில் வார்த்த உறுதியான கண்ணாடியும் இங்கிலாந்தில் அப்போது கிடைத்தது. 1728-இல் பதினைந்தாம் லூயி மன்னர் ஒயினைப் பாட்டிலில் அடைத்தே கொண்டுசெல்ல அனுமதித்த பிறகு ஷாம்பெயின் வியாபாரம் சூடு பிடித்தது. ஆனால் எவ்வளவு சர்க்கரைக்கு எவ்வளவு அழுத்தம் என்ற கணக்கு யாருக்கும் பிடிபடவில்லை. நிலவறையில் பாட்டில்கள் வெடித்துச் சிதறும். வேலையாட்கள் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு நடப்பார்கள். ஷாலோன் நகரத்து மருந்தாளர் ழான் பத்தீஸ்த் ஃபிரான்சுவா 1836-ஐ ஒட்டிச் சர்க்கரையை அளக்க வழி சொன்னதும்தான் வெடிப்பு குறைந்தது.

அந்தக் கணக்கு இன்றைக்கும் மாறவில்லை. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் அழுத்தம் ஒரு பார் ஏறும். 24 கிராம் போட்டால் ஆறு பார். கலந்து முடித்த ஒயினில் இந்த அளவு சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலில் நிரப்பி மூடி, நிலவறையில் படுக்க வைத்துவிடுவார்கள். வரிசைக்கு வரிசை நடுவில் மெல்லிய மரச்சட்டம் வைத்து அடுக்கிய அந்தப் பாட்டில் சுவர்களைப் படத்தில் பார்த்தாலே கண் நிறையும். நிலவறையின் குளிரில் ஈஸ்ட் அவசரப்படாது. வாரக்கணக்கில் மெதுவாக நொதிக்கும். முதல் நொதித்தலில் வாயு வெளியே போய்விட்டது. இந்தத் தடவை போக வழியில்லாததால் ஒயினிலேயே கரைந்து நிற்கும்.

மூடியில் மறுபடி காற்றுக் கணக்கு. இந்தக் காத்திருப்புக் காலத்துக்கு உலகம் முழுவதும் சோடா பாட்டிலுக்குப் போடும் தகர மூடிதான். 1960-கள் முதல் ஷாம்பெயினும் அதற்கு மாறிவிட்டது. மலிவு, வேகம், தக்கை வாடைக்கும் பயமில்லை. லா கிராந்த் அனேக்கு மட்டும் போலாஞ்ஜே அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இயற்கைத் தக்கையைச் செருகி, அதன் தலைமேல் ஓர் இரும்புக் கொக்கியைப் பூட்டி நிறுத்துகிறார்கள். தகர மூடியின் உள்வளையம் ஆண்டுகள் ஆக ஆகத் தளர்ந்து காற்றை விடத் தொடங்கும். தக்கை தொடக்கத்தில் கொஞ்சம் மூச்சு விடும். பிறகு ஒயினில் ஊறி இறுகிக்கொள்ளும். மூன்று நான்கு ஆண்டில் எடுத்துவிடுவதானால் தகர மூடி போதும். பத்து ஆண்டுக்கு மேல் வைப்பதானால் தக்கையே வெல்லும். அந்தப் பத்து ஆண்டுக்குப் பிந்தைய ஒரு நாளை மனதில் வைத்துக்கொண்டு இன்றைக்கு இரட்டை உழைப்பு உழைக்கிறார்கள்.

நொதித்து முடித்த ஈஸ்ட் செத்துப் பாட்டிலின் வயிற்றோரம் வெண்வண்டலாகப் படியும். சட்டப்படி சாதாரண ஷாம்பெயின் மொத்தம் 15 மாதம் நிலவறையில் இருக்க வேண்டும். ஓர் ஆண்டுத் திராட்சையில் மட்டும் செய்ததானால் 36 மாதம். போலாஞ்ஜே இதை இரு மடங்குக்கும் மேலாக நீட்டிக்கொள்கிறது. செத்த ஈஸ்ட்டின் உறை மெல்லக் கரைந்து, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியின் மணத்தையும் நாக்கில் ஒரு வழவழப்பையும் ஒயினுக்குக் கொடுக்கும். அதோடு இன்னொரு காரியமும் செய்யும். உள்ளே தப்பித் தவறி வரும் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். வண்டல் இருக்கும்வரை ஒயினுக்கு வயது ஏறுவது மெதுவாகத்தான்.

இதன் அருமையை வியாபாரமாக்கத் துணிந்தவர் லிலி போலாஞ்ஜே. கணவர் ழாக் இறந்ததும் 1941-இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவில், பொறுப்பை ஏற்று 1971 வரை நிறுவனத்தை நடத்திய பெண்மணி. பெட்ரோல் தட்டுப்பாட்டில் சைக்கிளிலேயே தோட்டம் தோட்டமாகச் சுற்றி வந்தவர். மற்ற நிறுவனங்கள் அழகான புதுப் பாட்டில் செய்து அதை உச்ச ஒயின் என்று விற்கத் தொடங்கிய காலத்தில் அவர் யோசித்தது வேறு. அதே கிராந்த் அனேயில் ஒரு பகுதியை எடுக்காமல் வண்டலோடு இன்னும் பல ஆண்டுகள் விட்டுவைத்துப் பிறகு விற்றால் என்ன? 1952-ஆம் ஆண்டு அறுவடையின் ஒயினை அப்படியே வைத்திருந்து 1967-இல் ஆர்.டி. என்ற பெயரில் வெளியிட்டார். பதினைந்து ஆண்டு வயதான ஒயின்; ஆனால் வண்டலின் காவலில் இளமை மாறாமல் நின்ற ஒயின். முதுமையின் மணமும் இளமையின் புளிப்பும் ஒரே மிடறில். புதுப் பாட்டில் எதுவும் தேவைப்படாமல் காலத்தை மட்டுமே கூட்டி ஒரு புது ஒயினைச் செய்துவிட்டார். ஷாம்பெயின் வரலாற்றில் இதைவிட நேர்த்தியான யோசனை ஒன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர் காலத்திலேயே, 1969-இல், இன்னொன்றும் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா பூச்சி ஐரோப்பாவின் திராட்சை வேர்களை அரித்துத் தள்ளியது. அன்று முதல் ஏறக்குறைய எல்லாக் கொடிகளும் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டியவை. அயியில் போலாஞ்ஜேக்குச் சொந்தமான சுவர் சூழ்ந்த சிறு துண்டுகளில் மட்டும் பூச்சி அண்டவில்லை. அங்கே கொடிகளைக் கம்பியில் நிரை கட்டிப் படரவிடுவதில்லை. கிளையை மண்ணில் புதைத்துப் பதியன் போட்டு, கூட்டமாக நெருக்கியடித்து வளரவிடும் பழைய முறை. டிராக்டர் நுழைய இடம் கிடையாது, குதிரையும் கையும்தான். பழைய பிரெஞ்சுக் கொடிகள் என்று பொருள்படும் பெயரில் அதிலிருந்து மிகச் சில ஆயிரம் பாட்டில்கள் மட்டும் வருகின்றன. நம்மூர் மல்லிகைத் தோட்டங்களிலும் பதியன் உண்டு என்பதால் அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்குத் தனி ஒட்டுதல்.

நிலவறைப் பாட்டில்களுக்குத் திரும்புவோம். இப்போது வண்டலை வெளியேற்ற வேண்டும். பாட்டிலைத் திறந்து வடிகட்டினால் வாயு போய்விடும். 1816-இல் ரெய்ம்ஸ் நகரத்து விதவை பார்ப் நிக்கோல் க்ளிக்கோவின் நிறுவனத்தில் மேசைப் பலகையில் துளைகள் போட்டுப் பாட்டில்களைத் தலைகீழாகச் செருகிப் பார்த்தார்கள். அதன் வழிவந்ததுதான் இரண்டு பலகைகளைத் தலைப்பில் இணைத்துக் கூரைபோல் நிறுத்தும் சட்டம். பக்கத்துக்கு 60 துளை. பாட்டில் முதலில் ஏறக்குறையப் படுத்தபடி நுழையும். திருப்புகிறவர் இரண்டு கையாலும் இரண்டு பாட்டில்களின் அடியைப் பிடித்து, சட்டென்று ஒரு குலுக்கு, எட்டில் ஒரு பங்குத் திருப்பு, கூடவே இம்மியளவு நிமிர்த்தல். கை அடுத்த இரண்டுக்குப் போய்விடும். பாட்டிலின் அடியில் வெள்ளைச் சுண்ணத்தில் ஒரு கோடு போட்டிருக்கும். எந்த இடத்திலிருந்து எங்கே திரும்பியது என்பதற்கு அதுதான் கணக்குப் பிள்ளை. நாளைக்கு வலப்புறம், மறுநாள் இடப்புறம் என்று சில வாரங்கள்.

குலுக்கு பலமாக இருந்தால் நுண்ணிய வண்டல் கிளம்பிப் புகையாகிவிடும். மெதுவாக இருந்தால் கண்ணாடியை விட்டு நகராது. கனத்த துகள் நுண்ணிய துகளை இழுத்துக்கொண்டு சரிய வேண்டும். கை தேர்ந்தவர் ஒரு நாளில் 40,000 பாட்டில்வரை திருப்புவார். 1970-களில் வந்த இயந்திரக் கூண்டு 504 பாட்டில்களை ஒன்றாகப் பிடித்து ஒரே வாரத்தில் இதை முடித்துவிடுகிறது. ருசியில் பேதம் இல்லை என்று நிலவறைக்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள். இருந்தும் தக்கையிட்ட கிராந்த் அனேயையும் ஆர்.டி.யையும் போலாஞ்ஜேயில் கையால்தான் திருப்புகிறார்கள். பத்து ஆண்டு வண்டல் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒவ்வொரு விதமாகப் பிடித்திருக்கும். எது முரண்டு பிடிக்கிறது என்று கூண்டுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும்.

வண்டல் முழுதும் கழுத்தில், தக்கையின் மேல் வந்து இறங்கியதும் திறக்கும் வேலை. பெரும்பாலான நிறுவனங்களில் கழுத்தை மட்டும் சுழியத்துக்குக் கீழே 27 டிகிரி அளவில் இருக்கும் குளிர்நீர்மத்தில் அமிழ்த்தி, வண்டலைப் பனிக்கட்டியாக்கித் தகர மூடியைத் தட்டிவிடுவார்கள். அழுத்தமே கட்டியைத் தள்ளிவிடும். போலாஞ்ஜேயின் தக்கைப் பாட்டில்களுக்கு அந்த வசதி கிடையாது. ஒருவர் பாட்டிலைத் தலைகீழாகவே எடுத்து இடது முன்கையில் சாய்த்துக்கொள்கிறார். வலக்கையில் குறடு. கொக்கி கழன்றதும் தக்கை வெளியே வரத் துடிக்கும்; குறடு அதைப் பிடித்துக்கொள்ளும். இப்போது பாட்டிலை மெல்ல மேல்நோக்கி வளைக்கிறார். உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருக்கிறது. பாட்டில் தலைகீழாக நின்றபோது அது அடிப்பக்கம் ஒட்டியிருந்தது. பாட்டில் நிமிர நிமிரத் தோளை நோக்கி நகரும். அது கழுத்தை எட்டும் நொடியில் தக்கையை விட வேண்டும். முந்தினால் பாதி ஒயின் தரையில். பிந்தினால் வண்டல் திரும்ப வயிற்றுக்குள் விழுந்து அத்தனை வார உழைப்பும் போச்சு. சரியாக விட்டால் ஒரு சத்தம், ஒரு கொத்து நுரை, அதோடு வண்டல் வெளியே. கட்டைவிரல் வாயை அடைத்துவிடும். எல்லாம் ஒரே அசைவு.

அடுத்து அவர் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோகிறார். ஒவ்வொரு பாட்டிலையும். தக்கையில் வாடை இருந்தால் இங்கேயே ஒதுக்கப்படும். கையால் திறப்பதன் பெரிய லாபம் இதுதான். பாட்டிலின் கழுத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துத் தெளிவையும் சோதித்துவிடுகிறார்கள். உணவு மேசையில் அமர்ந்திருப்பவருக்கு முன்பே ஒரு மனிதர் அந்த ஒயினை முகர்ந்து நல்லது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் என்பதை நினைத்தால் மனம் குளிர்கிறது.

வண்டலோடு போன ஒயினுக்கு ஈடாகக் கொஞ்சம் சர்க்கரை கலந்த ஒயினை ஊற்றுவார்கள். லிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ப்ரூட், 6 கிராம்வரை எக்ஸ்ட்ரா ப்ரூட், ஆர்.டி. இந்த இரண்டாவது வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யாவில் பாயசம்போல இனிப்பாகக் குடித்தார்கள் என்பதை இன்றைக்கு நம்புவது கடினம். பாட்டில் திறந்திருந்த அந்தச் சில நொடிகளில் எவ்வளவு காற்று உள்ளே போனதோ அது ஒயினின் மிச்ச வாழ்நாளைத் தீர்மானிக்கும். ஒவ்வொரு பாட்டிலிலும் வேறு வேறு அளவு. அதனால் இன்று பல நிறுவனங்கள் தக்கை போடுவதற்குச் சற்று முன்னால் இம்மியளவு திரவத்தை வேகமாகப் பீய்ச்சி, நுரையைக் கழுத்துவரை எழுப்பி, காற்றை வெளியே தள்ளிவிட்டு மூடுகின்றன. பிறகு சில மாதங்கள் ஓய்வு. காவல் காத்த வண்டல் போய்விட்டதால் இனிமேல் ஒயினுக்கு வயது வேகமாக ஏறும். ஆர்.டி.யின் பின்பக்கச் சீட்டில் வண்டல் எடுத்த தேதியை அச்சிடுவது அதற்காகத்தான். அறுவடை ஆண்டைப் பார்த்து மட்டும் இந்த ஒயினின் வயதைச் சொல்லிவிட முடியாது. அந்தத் தேதியையும் பார்க்க வேண்டும்.

மேசைக்கு வந்த பாட்டிலில் ஏறக்குறைய 9 கிராம் கரியமில வாயு கரைந்திருக்கிறது. விடுவித்தால் 5 லிட்டர் இடத்தை அடைக்கும். ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ழெரார் லீழே பெலேர் தம் வாழ்நாளையே இந்தக் குமிழிகளுக்குக் கொடுத்தவர். குடிக்காமல் வைத்திருந்தால் ஒரு கோப்பையில் பத்து லட்சம் குமிழிகள் எழும் என்று அவர் கணக்கிட்டார். ஒவ்வொன்றும் மேலே வந்து வெடிக்கும்போது மணம் ஏறிய நுண்துளிகளை மூக்கை நோக்கித் தெறிக்கவிடும். பீப்பாயும் மேக்னமும் வண்டலும் சேர்த்துவைத்த மணம் அப்படித்தான் நம்மை வந்தடைகிறது. அகன்ற தட்டைக் கிண்ணத்தில் ஊற்றினால் வாயு சீக்கிரம் ஓடிவிடும். ஒடுங்கிய நெட்டைக் கோப்பையில் மணம் விரிய இடமிருக்காது. நடுவில் பருத்து வாயில் குறுகும் டியூலிப் வடிவமே கிராந்த் அனேக்குப் பொருத்தம்.

ஆனால் குமிழி தானாகப் பிறக்காது என்பதும் அவர் காட்டியதுதான். மாசு மருவே இல்லாத கண்ணாடியில் ஷாம்பெயின் குமிழியில்லாமல் சும்மா கிடக்கும். கோப்பையின் சுவரில் ஒட்டிக்கொண்ட, கண்ணுக்குத் தெரியாத பஞ்சு இழை ஒன்று வேண்டும். அந்த இழையின் உட்குழியில் ஒயின் ஊற்றும்போது வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொண்ட துளிக் காற்று வேண்டும். கரைந்திருக்கும் வாயு அந்தக் காற்றைத்தான் தேடி வந்து சேர்ந்து, பெருத்து, பிய்த்துக்கொண்டு மேலே கிளம்புகிறது. அடுத்த குமிழிக்கு அதே காற்றில் கொஞ்சம் அங்கேயே தங்கியிருக்கும். ஆகவே கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து உலரவிடுவதைவிட, சுத்தமான பருத்தித் துணியால் துடைத்து வைப்பது நல்லது.